கதவைப் பார்த்து மாட்டிய படம்

1

என் மகள் அபியின் பள்ளிக்கூடத்தில் ஒரு நீளமான சுவரை வெள்ளையடித்துக் காலியாக விட்டிருக்கிறார்கள். அப்பாவோ அம்மாவோ முதன்முதலாக வேலைக்குப் போன காலத்துப் படம் ஒன்றைப் பிள்ளைகள் கொண்டுவந்து அதில் மாட்ட வேண்டுமாம். இந்த வளைகுடா நகரத்தில் இருக்கிற எல்லாரும் எங்கிருந்தோ வந்து இறங்கினவர்கள்தான். ஆகவே பிள்ளைகளுக்கு வேர் தெரிய வேண்டும் என்று ஆசிரியைக்கு ஆசை. நல்ல பெண். வேரைத் தோண்டினால் சில இடங்களில் என்னவெல்லாம் வெளியே வரும் என்று அவருக்குத் தெரியாது.

"அப்பா, உங்க ஆர்மி போட்டோ வேணும்" என்றாள் அபி.

"ஆர்மி இல்லம்மா. விமானப்படை."

"ஸேம் தானே?"

முன்னொரு காலத்தில் என் முகத்துக்கு நேரே யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் மீசை துடித்திருக்கும். இப்போது மீசையும் இல்லை. வழித்து எத்தனையோ வருடமாகிவிட்டது.

"ஒரே ஒரு போட்டோதான் இருக்கு. அது ஊர்ல இருக்கு" என்றேன்.

"ஆல்பத்திலயா?"

"இல்ல, சுவத்துல. அது வேலை செய்யுது."

அப்பா வழக்கம்போல ஜோக் அடிக்கிறார் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டாள். வீட்டில் எனக்கு இதுதான் கஷ்டம். நான் உண்மையைச் சொன்னாலும் ஜோக் கணக்கில்தான் சேரும்.

2

கேகாலை மாவட்டத்தில், கரவனெல்லையிலிருந்து மழை பெய்தால் பஸ் வராத தூரத்தில் இருக்கும் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் விமானமோட்டி ஆனது எப்படி என்று கேட்காதீர்கள். நேர்முகப் பரீட்சையில் என்னையும் அதைத்தான் கேட்டார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதனால் அப்பா என்னை டவுனில் இருந்த சிங்களப் பாடசாலையில் சேர்த்தார். எனக்குக் கணக்கு வந்தது, ஓட்டம் வந்தது, சிங்களம் கேட்காமலே வந்தது. எண்பதுகளில், எல்லாம் முழுசாகக் கெடுவதற்குக் கொஞ்சம் முன்னால், விமானப்படையில் ஆள் எடுத்தார்கள். என்னையும் எடுத்துவிட்டார்கள். பெயரைப் பார்த்தபோது அவர்களுக்குத் திகைப்பு, சீருடையைப் பார்த்தபோது லயத்துக்குத் திகைப்பு. இரண்டு திகைப்புக்கும் நடுவே நான் போக்குவரத்து விமானம் ஓட்டினேன்.

குண்டு போட்டாயா என்று இங்கே சிலர் கேட்பார்கள். அதிலும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், "தம்பி எவடம்?" என்று அன்பாக ஊர் கேட்கத் தொடங்கி, பழைய உத்தியோகம் தெரிந்ததும் கையில் இருந்த வடையை அப்படியே தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனார். நான் குண்டு போடவில்லை. போட்டவர்களுக்குப் பருப்பும் அரிசியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆட்களையும் ஏற்றிப் போனேன். போகும்போது உட்கார்ந்து போனவர்களில் சிலர் திரும்பும்போது படுத்து வந்தார்கள். நான் எவ்வளவு முரட்டுத்தனமாக இறக்கினாலும் அவர்கள் குறை சொன்னதில்லை.

ஒப்பந்தக் காலம் முடிந்ததும் விலகினேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சிவில் லைசென்ஸுக்கு முதல் எழுத்திலிருந்து பரீட்சை எழுத வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் ஆகாயத்தில் இருந்தவனை ஸ்கூல் பையன்களோடு உட்கார்த்தி, மேகம் எத்தனை வகைப்படும் என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்தது இரண்டே வகை, ஒளிந்துகொள்ள உதவுகிற மேகம், உதவாத மேகம். அப்படி எழுதினால் மார்க் கிடையாது. பிறகு விலகல் கடிதம், ஆட்சேபணை இல்லைக் கடிதம், பொலிஸ் நற்சான்று, தோட்டத்து ஆட்களிடம் மட்டும் கேட்கிற, அப்பாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்ததற்கு அத்தாட்சி. கடைசியானதைக் கேட்ட கிளார்க், "உங்க அப்பா எந்த நாடு?" என்றார். "நான் இந்த நாட்டுக்காகப் பறந்தேன்" என்றேன். "அது சரி, அப்பா எந்த நாடு?" என்றார்.

வளைகுடா நேர்முகத்தில் அதைவிட நல்ல கேள்வி வந்தது. கோப்பைப் புரட்டிய பெரியவர் என் பெயரையும் பழைய வேலையையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ தமிழன். விமானப்படை. எந்தப் பக்கத்து விமானப்படை?"

"ஐயா, இப்போதைக்கு ஒரு பக்கத்திடம்தான் விமானம் இருக்கு" என்றேன். சிரித்துவிட்டார். வேலை கிடைத்தது. என் வாழ்க்கையில் ஜோக் அடித்துக் கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

பிறகு சிமுலேட்டர் பயிற்சி. பயணிகள் விமானம் இறங்கும்போது பத்தாயிரம் அடியில் எல்லா விளக்கையும் போட வேண்டும். நாம் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்பது சட்டம். வடக்கே இறங்கும்போது எங்களுக்கு இருந்த சட்டம் நேர் எதிர். கீழே இருந்து சுடுவார்கள் என்பதால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் செங்குத்தாகச் சுற்றிச் சுற்றி இறங்குவோம். பத்தாயிரம் அடி வந்ததும் என் கை தானாகப் போய் எரிந்துகொண்டிருந்த விளக்கையும் அணைத்துவிட்டது. அதோடு மூக்கைக் கவிழ்த்துத் திருகத் தொடங்கினேன்.

பின்னால் உட்கார்ந்திருந்த நியூசிலாந்துக்காரப் பயிற்சியாளர் மெதுவாகக் கேட்டார். "யாரிடமிருந்து ஒளிகிறாய், மகனே?"

"பறவைகள், ஐயா" என்றேன்.

முதன்முதலாகப் பயணிகளிடம் மைக்கில் பேசியபோது, ஆறுதலாக இருக்கட்டும் என்று, "பயப்படாதீர்கள், வழி முழுவதும் பாதுகாப்பாக இருக்கிறது" என்றேன். அதுவரை பயப்படாமல் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து பெல்ட்டைக் கட்டினார்களாம்.

3

இப்போது படத்துக்கு வருகிறேன்.

எனக்கு விமானமோட்டிச் சின்னம் குத்தியபோது எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். மார்பில் சின்னம், தலையில் தொப்பி, முகத்தில் உலகத்தையே தூக்கி வைத்த பாவனை. அம்மா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, காம்பராவுக்குள் நுழைந்ததும் கண்ணில் படும்படி கதவைப் பார்த்து மாட்டினார். காம்பரா என்றால் லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் ஒற்றை அறை. எங்கள் லயம் அப்படிப் பத்து அறைகள் வரிசையாக ஒட்டியது. முன்னால் வாசல், பின்னால் அடுப்படிக் கதவு.

கொழும்பில் எங்காவது குண்டு வெடித்தால், இராணுவத்தின் சுற்றிவளைப்பு எங்கள் பக்கமும் வரும். பெயர் தமிழ், வயது இருபது, கடையில் வேலை என்றால் போதும், பிடித்துக்கொண்டு போக. வேறு எதுவும் தேவையில்லை. ஒருமுறை அப்படி வந்தவர்கள் எங்கள் காம்பராவுக்குள் காலை வைத்ததும் படத்தைப் பார்த்தார்கள்.

"மே கவுத?" யார் இது?

"மகே புத்தா" என்றார் அப்பா. என் மகன்.

வந்த சிப்பாய் பாதி விளையாட்டாக, பாதி பழக்கத்தில், படத்துக்கு சல்யூட் வைத்தானாம். அம்மா தேத்தண்ணி கொடுத்தார். குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் காம்பராவை ஒருவரும் கிளறவில்லை.

இதை அடுத்த காம்பராவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் கமலா அக்கா. புருஷன் இல்லாதவர். ஒரே மகன் யோகன் வரக்காப்பொலையில் ஒரு புடவைக்கடையில் வேலை. மூளை உள்ளவர் கமலா அக்கா. படித்திருந்தால் ஒரு இலாகாவையே நடத்தியிருப்பார்.

அடுத்த முறை வளைவில் ஜீப் சத்தம் கேட்டதும் அக்கா எங்கள் அடுப்படிக்குள் ஓடி வந்து, "அக்கா, தம்பிய கொஞ்சம் தாங்க" என்று அம்மாவிடம் என் படத்தைக் கேட்டாராம். அன்றைக்குத் தொடங்கியது இந்த ஊர்வலம். சிப்பாய்கள் முன்வாசல் வழியே ஒவ்வொரு காம்பராவாக வருவார்கள். அவர்கள் வெளியே வரும் அந்த இடைவெளியில், பின்கதவு வழியே நான் அடுத்த காம்பராவுக்குப் போய்ச் சுவரில் ஏறிவிடுவேன். எல்லாச் சுவரிலும் கதவைப் பார்த்து ஒரு ஆணி தயாராக இருந்தது. சாமியைத் தூக்கிப் போகும்போதுகூட எங்கள் லயத்துக்காரர்கள் இவ்வளவு ஒழுங்காகப் போனதில்லை.

பத்துக் காம்பராவிலும் ஒரே மூஞ்சி. ஒருமுறை வந்த அதிகாரி கடைசிக் காம்பராவிலும் என்னைப் பார்த்துவிட்டு, "இந்தத் தோட்டத்துத் தாய்மார்கள் எல்லாரும் ஒரே அச்சில்தான் பெறுகிறார்கள்" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தாராம்.

"தெரிஞ்சேதான் விட்டாங்க" என்பார் அப்பா. "அவனுங்களுக்கும் சல்யூட் அடிக்க ஒரு மொகம் வேணும்ல."

நான் விடுமுறையில் போனால் லயமே என்னை உற்றுப் பார்க்கும், பாசத்தில் அல்ல. படத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறேனா, கெட்டுப் போயிருக்கிறேனா என்று சரிபார்க்கத்தான்.

விலகுகிறேன் என்று சொன்னபோது அப்பா புகைக்கூடத்திலிருந்து வந்திருந்தார். ரப்பர் ஷீட் காயப்போடுகிற வேலை. உடம்பெல்லாம் புகை வாசம். சம்பளம் எவ்வளவு, எந்த நாடு, எப்போது வருவாய் என்று எதையும் கேட்கவில்லை.

"அந்த போட்டோவ திருப்பிக் கேப்பாங்களா?" என்றார்.

"கேக்க மாட்டாங்கப்பா."

"அப்ப போய்ட்டு வா."

4

வளைகுடாவுக்கு வந்த முதல் வருஷத்தில் நானும் எல்லாரையும் போல ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை, கழுத்தில் டை, தொப்பி. கலர் படம். பெரிதாக்கி ஊருக்கு அனுப்பினேன்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. லயத்தில் யார் வீட்டிலும் இவ்வளவு பெரிய கலர் படம் கிடையாது. ஆனால் நல்ல சட்டம் ஒன்றுதான் இருந்தது. பழைய படத்தை வெளியே வைத்தால் கரையான் தின்னும், ஈரம் ஏறும். அம்மா என்ன செய்தார் தெரியுமா? சட்டத்தின் முதுகைத் திறந்து, பழைய படத்துக்கு முன்னால் புதுப் படத்தைச் செருகி மூடிவிட்டார். இரண்டு மகன்களும் ஒரே சட்டத்துக்குள். முன்னால் கலர், பின்னால் கறுப்பு வெள்ளை. யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. புதுப் படத்தை அப்புறம் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டலாம் என்று இருந்தாராம்.

அந்தத் தீபாவளிக்கு யோகன் கடையில் லீவு வாங்கிக்கொண்டு வந்திருந்தான். பத்தொன்பது வயது. கடையில் சிங்களம் பேசிப் பேசி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வரக்காப்பொலைப் பையன் என்றுதான் நினைப்பீர்கள்.

தீபாவளி முடிந்த மறுநாள் வளைவில் ஜீப் சத்தம். அம்மா அப்போது மலையில், ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தார். அப்பா ஃபேக்டரியில். கமலா அக்கா வழக்கம்போல எங்கள் பின்கதவு வழியே வந்து, ஆணியிலிருந்து சட்டத்தைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். தினம் பார்க்கிற முகத்தை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? தன் சுவரில் மாட்டினார். கதவைத் திறந்தார்.

வந்தவர்கள் புது ஆட்கள். படத்தைப் பார்த்தார்கள். சல்யூட் இல்லை.

"மொன ஹோட்டலேத?" என்று கேட்டான் ஒருவன். எந்த ஹோட்டலில் வேலை?

அக்கா அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

விமானமோட்டி என்று சொல்லிப் பார்த்தார். சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்லக்கூடாது, அந்தப் படத்தில் நான் கதவு திறந்துவிடுகிற ஆள் மாதிரிதான் இருப்பேன். யோகன் நல்ல சிங்களத்தில் விளக்கினான். இவ்வளவு நல்ல சிங்களம் எங்கே படித்தாய் என்று கேட்டார்கள். அதற்கு எந்தப் பதில் சொன்னாலும் தப்பாகத்தான் போகும். அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அம்மா வாளியோடு இறங்கி வந்தபோது ஜீப் போன புழுதிகூட அடங்கிவிட்டது.

கரவனெல்லைக் கடைத்தெருவில் எங்களுக்குத் தெரிந்த மளிகைக்கடை முதலாளியிடம் போன் இருந்தது. அங்கே வந்து அப்பா எனக்கு விஷயத்தைச் சொன்னார். பிறகு போனை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அழவில்லை. ஒரே வாசகத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"பின்னாடிதான் இருந்திச்சு ராசா. பின்னாடியேதான் இருந்திச்சு."

எனக்குத் தெரிந்த பழைய விமானப்படை ஆட்களுக்கெல்லாம் போன் போட்டேன். சிலர் பாசமாகப் பேசினார்கள், பார்க்கிறோம் என்றார்கள். சிலருக்கு என் பெயரைக் கேட்டதும் அவசரமாகப் போகவேண்டியிருந்தது. ஒருவன் மட்டும் நேர்மையாகச் சொன்னான். "செல்வா, நீ இங்கே இருந்தால் நான் போய்க் கேட்கலாம். நீ இப்போது வெளியாள். கேட்டால், நீ ஏன் கேட்கிறாய் என்று என்னைக் கேட்பார்கள்."

ஒன்றரை வருஷம் கழித்து யோகனை விட்டுவிட்டார்கள். வழக்கு என்று ஒன்றும் இல்லை. நடந்தே வந்தானாம் தோட்டத்துக்கு. கை கால் எல்லாம் இருந்தது. சிங்களம்தான் இல்லை. மறந்துபோகவில்லை. பேசுவதில்லை, அவ்வளவுதான். எங்கள் பக்கம் சிங்களம் இல்லாமல் ஒரு கட்டு வெற்றிலைகூட வாங்க முடியாது. கடையில் போய் நின்று விரலால் காட்டுவான். கடைக்காரர் விலை சொன்னால் தலையை ஆட்டுவான். புடவைக்கடை வேலை போயிற்று. தன் அம்மாவோடு மலையில் பால் வெட்டப் போனான். மரம் எந்தப் பாஷையும் கேட்காது.

5

யுத்தம் முடிந்தது என்று இந்த வருஷம் செய்தி வந்தது. இங்கே சிலர் பட்டாசு வெடிக்க ஆசைப்பட்டார்கள், சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் அன்றைக்குப் பறந்துகொண்டிருந்தேன். எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அடுத்து வந்த விடுமுறையில் அபிக்குப் படம் எடுத்து வரலாம் என்று ஊருக்குப் போனேன்.

அப்பாவுக்கு இப்போது காது கேட்காது, புகை இருமல் மட்டும் நன்றாக வரும். எங்கள் காம்பராவில் கதவைப் பார்த்த ஆணி வெறுமையாக இருந்தது.

"படம் எங்கம்மா?"

"கமலா ஊட்டுல."

"எப்ப இருந்து?"

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "அப்ப இருந்து" என்றார்.

அடுத்த காம்பராவுக்குப் போனேன். கமலா அக்கா நரைத்துப் போயிருந்தார். வாய் மட்டும் அப்படியே.

"வாங்க பைலட்டு, வாங்க! என்னா இது, ஆளு வர்றதுக்கு முன்னாடி வயிறு வந்து எறங்குது?"

"பயணிகள் சாப்பிடாம மிச்சம் வைக்கிறத நாங்கதானேக்கா முடிக்கணும்."

சிரித்தார். யோகன் மூலையில் உட்கார்ந்து பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். "வாங்கண்ணே" என்றான். அவனுக்கும் முப்பது தாண்டிவிட்டது. அவன் தலைக்கு மேலே, கதவைப் பார்த்தபடி, நான் உலகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கறுப்பு வெள்ளை.

அபியின் பள்ளிக்கூடத்துக் கதையைச் சொன்னேன். அக்கா கவனமாகக் கேட்டார்.

"சுவத்துல மாட்டவா?"

"ஆமாக்கா."

"இங்கயும் சுவத்துலதான தம்பி மாட்டியிருக்கு."

கேமராவில் எடுத்துப் பார்த்தேன். கண்ணாடியில் வெளிச்சம் அடித்து, என் முகம் இருக்க வேண்டிய இடத்தில் திறந்த கதவுதான் விழுந்தது. டவுன் ஸ்டுடியோவில் கொடுத்து ஒரு காப்பி எடுத்துக்கொண்டு சாயந்தரமே திருப்பிக் கொண்டுவந்து விடுகிறேன் என்றேன்.

"சாயந்தரம் மட்டும் சுவரு சும்மா இருக்கணுமா?"

"அக்கா, சண்டைதான் முடிஞ்சிருச்சே."

அக்கா சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க அதில் ஒரு தூசியும் இல்லை.

"முடிஞ்சிருச்சின்னு ரேடியோவுல சொல்றாங்க தம்பி. இங்க வந்து யாரும் சொல்லல. அவங்க வரும்போதும் ரேடியோவுல சொல்லிட்டா வந்தாங்க?"

கேமராவை உறைக்குள் போட்டேன்.

யோகன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். சுவர்ப் பக்கம் கையைக் கொண்டுபோனான். "இருடா" என்றார் அக்கா. போய் முன்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பட்டப் பகல். வெளியே யாரோ பிள்ளைகள் பந்து விளையாடுகிற சத்தம். பிறகுதான் தலையை ஆட்டினார்.

யோகன் சட்டத்தைக் கழற்றி, முதுகுப் பலகையின் சின்ன ஆணிகளை விரலாலேயே விலக்கினான். பழக்கப்பட்ட விரல். ஈரம் பார்க்க அடிக்கடி திறப்பான் போல. பின்னாலிருந்து மற்றப் படத்தை உருவினான். கலர் படம். ஓரம் பூசணம் பிடித்து, தங்கப் பட்டையெல்லாம் பழுப்பாகியிருந்தது. சட்டத்தை மூடி, என்னைத் திரும்பவும் ஆணியில் மாட்டி, சாய்வு பார்த்துச் சரிசெய்துவிட்டுக் கலர் படத்தை நீட்டினான்.

"இத கொண்டு போங்கண்ணே. இது இங்க வேலைக்கு ஆகல."

அக்கா போய்க் கதவைத் திறந்தார்.

6

அபி அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது ஃபர்ஸ்ட் ஜாப் இல்லையே. இந்த மாதிரி நம்ம வீட்டுல நிறைய இருக்கு."

"ஆமா."

"அந்த இன்னொரு அப்பா எங்க?"

"அவர் வரலம்மா. நான்தான் வேலைய விட்டேன். அவர் இன்னும் டியூட்டியில நிக்கிறார்."

விழுந்து விழுந்து சிரித்தாள். பள்ளிக்கூடத்திலும் போய்ச் சொல்லியிருக்கிறாள். ஆசிரியையும் சிரித்தாராம். உங்கள் அப்பா நல்ல தமாஷான மனிதர் என்றாராம்.